கொலஸ்ட்ராலை எடுத்தால் ஏற்பி ஏன் தடுமாறுகிறது? சோதனை செய்வோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மார்கழி மாதம் கோயமுத்தூரில் காலை எழுந்ததும் சமையலறையைப் பாருங்கள். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் தலைக்குத் தேய்க்க வரும். பக்கத்தில் இருக்கும் செக்குக் கடலை எண்ணெய்க்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமில வால்கள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிவைத்த விறகுபோல் நெருங்கிக்கொள்ளும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிதான். கடலை எண்ணெயின் வால்களில் இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. வளைந்த விறகை எப்படி அடுக்கினாலும் சந்து விழத்தானே செய்யும்?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்விலும் இதே இரண்டு வகை வால்கள் இருக்கின்றன. ஆனால் சவ்வு உறைந்துபோகவும் கூடாது, எண்ணெயாக ஓடவும் கூடாது. அந்த நடுநிலையைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலுக்கு. ஹார்மோனையும் நரம்புச் செய்தியையும் வாங்கி உள்ளே சொல்லும் ஏற்பிப் புரதங்கள், அதாவது நாம் ஆய்வகத்தில் ரிசப்டர் என்று சொல்பவை, இந்தச் சவ்வுக்குள்தான் பதிந்திருக்கின்றன. சவ்வு மாறினால் அவையும் மாறும்.

எப்படி மாறுகின்றன என்று சோதித்துப் பார்க்க நினைக்கும் எம்.எஸ்சி., ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரோடு, நாமக்கல், கோபி பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் செய்யும் புராஜெக்ட்களில் வருஷா வருஷம் ஒரே உரையாடல் நடக்கிறது. (பைண்டிங் என்றால் ஹார்மோன் போன்ற மூலக்கூறு ஏற்பியில் ஒட்டுவது.)

“சார், கொலஸ்ட்ராலை எடுத்துட்டனுங்க. பைண்டிங் பாதியாக் கொறஞ்சு போச்சுங்க.”

“சரி கண்ணு. கொலஸ்ட்ரால் போனதாலயா, சவ்வு இளகினதாலயா, இல்ல செல்லே செத்துப்போனதாலயா?”

அங்கேதான் பேச்சு நின்றுபோகும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் கீழே உள்ள படிகள்.

தொடங்கும் முன்: எந்தக் கொலஸ்ட்ரால்?

ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண் வேறு, சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ரால் வேறு. தாளில் இருப்பது ரத்தத்தில் எல்.டி.எல்., எச்.டி.எல். பொட்டலங்களில் பயணம் செய்வது. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், போதாததை எல்.டி.எல். ஏற்பி வழியாக வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும், போதுமானால் இரண்டையும் குறைத்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை இன்னும் கறார். உடம்பின் எடையில் 2 சதவீதம்தான் இருந்தாலும் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. அத்தனையும் பெரும்பாலும் உள்ளூர்த் தயாரிப்பு. ஆக, ஒரு நாமக்கல் முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தாலும், நேற்றுத் தின்ற முட்டை இன்று உங்கள் மூளை ஏற்பியின் பக்கத்தில் வந்து உட்காராது.

கடலை எண்ணெய் டின்னில் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று போடுகிறார்களே, உண்மைதான். ஆனால் செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. பாலில் தண்ணீர் இருக்கிறது என்று விளம்பரம் செய்வதுபோலத்தான்.

படி 1: சவ்வை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் கொடுத்த படத்தில் பாஸ்போலிப்பிடுகள் இரண்டு அடுக்காக நிற்க, புரதங்கள் அதில் மிதக்கும். படம் இன்றும் தப்பில்லை, ஆனால் அதில் லிப்பிட், அதாவது கொழுப்பு மூலக்கூறு, வெறும் தண்ணீர்போல் தெரிகிறது. நிஜத்தில் ஆயிரக்கணக்கான லிப்பிட் வகைகள் உண்டு, அவை சமமாகப் பரவுவதும் இல்லை. செல்லின் வெளிச்சவ்வில் லிப்பிட் மூலக்கூறுகளில் 30 முதல் 40 சதவீதம் கொலஸ்ட்ரால். உள்ளே எண்டோபிளாச வலையில் 5 சதவீதம் அளவுக்குத்தான்.

கொலஸ்ட்ராலுக்கு 27 கார்பன். ஒட்டிய நான்கு வளையங்கள் கொண்ட தட்டையான, வளையாத உடம்பு, ஒரு முனையில் சின்னஞ்சிறு ஹைட்ராக்சில், மறு முனையில் குட்டை வால். தட்டையின் ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் மெத்தில் குழுக்களால் மேடுபள்ளம். நேரான வால்களுக்கு நடுவே நுழைந்தால் அடுக்கைக் கலைத்து உறையவிடாது. ஆட்டம்போடும் வளைந்த வால்களின் நடுவே நுழைந்தால் அவற்றைப் பிடித்து நிறுத்தும். ஸ்பிங்கோமையலின் என்ற லிப்பிடோடு அதற்குத் தனிப் பிரியம்.

படி 2: மூன்று வழிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. அவசரப்படாமல் படியுங்கள்.

ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு இறுகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள், கீல், சாவி எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் நிலவு, அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டம், ஈரத்தில் உப்பிவிட்டது, அதனால் கதவு திறக்காது. ஏற்பியும் திறந்து மூடும் கதவுதான். அட்ரினலினை வாங்கும் பீட்டா 2 ஏற்பி வேலை செய்யும் நிலைக்கு வரும்போது அதன் ஏழு சுருள்களில் ஆறாவது, சவ்வின் உள்பக்கத்தில் சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே தள்ளிப்போகிறது என்று 2011இல் வெளியான வடிவம் காட்டியது. சவ்வின் மொத்தத் தடிமனே 40, 50 ஆங்ஸ்ட்ராம்தான். அத்தனை தூரம் ஒரு சுருள் நகர, சுற்றியிருக்கும் லிப்பிடுகள் இடம் விட வேண்டும்.

இதுதான் முதல் வழி: நிலவு. கொலஸ்ட்ரால் சவ்வைத் தடிமனாக்கி, இறுக்கி, ஏற்பி எந்த நிலையில் நிற்பது எளிது என்பதை மாற்றுகிறது. கண்ணில் ஒளியை வாங்கும் ரொடாப்சின் நல்ல உதாரணம். சவ்வில் கொலஸ்ட்ரால் கூடினால் அது மெட்டா 1 என்ற வேலை தொடங்காத நிலையின் பக்கம் சாய்கிறது. மீன் எண்ணெயில் இருக்கும் டி.எச்.ஏ. போன்ற ஆறு இரட்டைப் பிணைப்பு வால்கள் கூடினால் மெட்டா 2 என்ற வேலை செய்யும் நிலைக்குப் போகிறது.

இரண்டாவது வழி: கீலுக்கு எண்ணெய். கொலஸ்ட்ரால் ஏற்பியின் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே பீட்டா 2 ஏற்பியின் 2008 படிக வடிவத்தில் சுருள்களுக்கு இடையே இரண்டு கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தன.

மூன்றாவது வழி: தெரு. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் சேர்ந்து சவ்வில் சின்னச் சின்னக் கூட்டங்களாகக் கூடுகின்றன. ஏற்பியும் அதன் செய்தியை உள்ளே எடுத்துச்செல்லும் ஜி புரதமும் ஒரே கூட்டத்தில் இருந்தால் செய்தி சீக்கிரம் போகும். சைமன்ஸும் இகோனனும் 1997இல் லிப்பிட் ராஃப்ட் என்று எழுதிய பிறகு இந்த வழிதான் ஃபேஷன். என் கணக்கில் மாணவர்கள் மிக எளிதாக எழுதுவதும் மிகக் கடினமாக நிரூபிப்பதும் இதைத்தான். குளிர்ந்த டிரைட்டன் எக்ஸ் 100இல் கரையாமல் நின்ற பகுதியை ராஃப்ட் என்று எழுதாதீர்கள். அந்த டிடர்ஜென்டும் அந்தக் குளிருமே அதை உண்டாக்கியிருக்கலாம்.

1997இல் ஜெர்மனியில் கிம்பிலும் அவருடைய சகாக்களும் இரண்டு ஏற்பிகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒன்று பிரசவத்தில் வேலை செய்யும் ஆக்ஸிடோசினின் ஏற்பி, இன்னொன்று பித்தப்பையைச் சுருக்கும் கோலிசிஸ்டோகைனினின் ஏற்பி. கொலஸ்ட்ராலை எடுத்ததும் இரண்டுமே லிகண்டை (ஏற்பியில் வந்து ஒட்டும் மூலக்கூறை) சரியாகப் பிடிக்கவில்லை. கொலஸ்ட்ரால் குடும்பத்தைச் சேர்ந்த வேறு வேறு ஸ்டீரால்களைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கோலிசிஸ்டோகைனின் ஏற்பிக்குச் சவ்வின் இறுக்கம் திரும்பினால் போதும், யார் இறுக்கினாலும் சரி. ஆக்ஸிடோசின் ஏற்பியோ குறிப்பிட்ட வடிவத்தைக் கேட்டது. முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் இரண்டும் ஒன்று என்றே எழுதியிருப்பார்கள்.

படி 3: எதில் செய்வது?

செல் வளர்க்கும் வசதி இருந்தால் சி.எச்.ஓ. அல்லது எச்.இ.கே. செல்களில் ஏற்பியை வெளிப்படுத்திச் செய்யலாம். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் அமிதாப சட்டோபாத்யாயின் குழு செரோடோனின் 1ஏ ஏற்பிக்கு மாட்டு மூளையின் ஹிப்போகாம்பஸ் சவ்வையே பல வருஷம் பயன்படுத்தியது. ஏற்பி அதன் சொந்த லிப்பிட் சூழலிலேயே இருக்கும், அதுதான் லாபம்.

வசதி குறைந்த கல்லூரியில் ஒரு முன்னோட்டம் செய்யச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சிட்ரேட் போட்ட புட்டியில் ஆட்டு ரத்தம் வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பணுக்களை உப்பு பஃபரில் மூன்று முறை கழுவி, 2 சதவீதக் கரைசலாக்கி, ஆறு குழாய்களில் ஊற்றி, கொலஸ்ட்ராலை உருவும் சைக்ளோடெக்ஸ்ட்ரினை (அடுத்த படியில் வரும்) 0, 1, 2.5, 5, 10, 15 மில்லிமோலார் என்று கொடுங்கள். 37 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு மெதுவாகச் சுழற்றுங்கள். செல் தாங்கும் குழாயில் மேலே தெளிந்த நீர், அடியில் சிவப்புப் பொட்டு. ஓரிடத்தில் மேல்நீர் ரோஜா நிறமாகும். அதற்கப்புறம் முழுச் சிவப்பு, அடியில் ஒன்றும் இருக்காது. கொலஸ்ட்ரால் போன சவ்வு கிழிந்துவிட்டது. 540 நானோமீட்டரில் படித்தால் எண்ணாகவும் வரும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் அளவைக் கண்மூடித்தனமாகக் கூட்டமாட்டார். ஒன்று மட்டும்: ஆட்டுச் சிவப்பணுவில் பாஸ்பாடிடைல்கோலின் அநேகமாகக் கிடையாது, அதன் இடத்தில் ஸ்பிங்கோமையலின்தான். அதனால் இங்கே கிடைத்த அளவை அப்படியே வேறு செல்லுக்குத் தூக்கிப்போடாதீர்கள்.

படி 4: எடுப்பது

பெரும்பாலோர் பயன்படுத்துவது மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஏழு குளுக்கோஸ் சேர்ந்த வளையம். வெளியே தண்ணீரோடு ஒட்டும், உள்ளே உள்ள குழிக்குள் கொலஸ்ட்ரால் நுழைந்துகொள்ளும். மூலக்கூறு எடை சுமார் 1,300, துல்லியமான எண் உங்கள் பாட்டிலில் இருக்கும். 5 மில்லிமோலார் 10 மில்லி வேண்டுமென்றால் 65 மில்லிகிராம் அளவில் நிறுத்தால் போதும். சீரம் இல்லாத ஊடகத்தில் போடுங்கள். சீரத்தில் இருக்கும் லிப்போபுரதங்கள் நீங்கள் எடுப்பதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அரை மணி கழித்து நன்றாகக் கழுவுங்கள், மிச்சம் நிற்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் உங்கள் லிகண்டையும் குழிக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும்.

நான் மாணவனாக இருந்தபோது “கொஞ்சம் தாராளமாகவே போடுவோம்” என்று 20 மில்லிமோலார் போட்டேன். பைண்டிங் தரைக்குப் போனது. இரண்டு நாள் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தட்டில் செல்லே பாதிக்கு மேல் இல்லை, கழுவும்போது பெயர்ந்து போயிருக்கிறது. பைண்டிங் குறையவில்லை, செல்தான் குறைந்திருந்தது. அன்றிலிருந்து தட்டில் உள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் (வெல்) புரத அளவு எடுக்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை.

பக்கத்தில் ஆல்ஃபா சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். ஆறு குளுக்கோஸ் வளையம், குழி சிறியது. பாஸ்போலிப்பிடை உருவும், கொலஸ்ட்ராலை அவ்வளவாகத் தொடாது. அதிலும் உங்கள் விளைவு வந்தால் காரணம் கொலஸ்ட்ரால் அல்ல.

மெதுவான வழி ஸ்டாட்டின். செல் புதிதாகக் கொலஸ்ட்ரால் செய்வதையே நிறுத்தும். ஆனால் அதே பாதையில்தான் ஜி புரதங்களைச் சவ்வில் மாட்டும் ஐசோப்ரினாய்டு வால்களும் உண்டாகின்றன. அவையும் நின்றுபோகாமல் இருக்கக் கொஞ்சம் மெவலோனேட் சேர்ப்பது வழக்கம். வீட்டில் யாராவது மருத்துவர் சொல்லி ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால், செல் தட்டில் நடப்பதைப் படித்துவிட்டு அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

படி 5: உண்மையில் எடுத்தீர்களா?

சைக்ளோடெக்ஸ்ட்ரின் போட்டேன், அதனால் கொலஸ்ட்ரால் குறைந்தது என்று எழுதக் கூடாது. அளந்து காட்டுங்கள். குளோரோஃபார்மும் மெத்தனாலும் கொண்டு லிப்பிடைப் பிரித்து, கொலஸ்ட்ரால் ஆக்ஸிடேஸ் நொதி சார்ந்த ஆம்பிளெக்ஸ் ரெட் முறையில் அளக்கலாம். அதோடு பாஸ்பேட் அளவும் எடுத்து, கொலஸ்ட்ராலுக்கும் பாஸ்போலிப்பிடுக்குமான விகிதமாகக் கொடுங்கள். பாஸ்போலிப்பிடும் குறைந்திருந்தால் அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஃபிலிபின் சாயம் செல்லில் கொலஸ்ட்ரால் எங்கே இருக்கிறது என்று காட்டும், ஆனால் வெளிச்சத்தில் கண்ணெதிரே மங்கிவிடும். படமெடுக்கத் தயாராக இருந்துகொண்டு விளக்கைப் போடுங்கள்.

சவ்வின் இறுக்கத்தையும் இதே கட்டத்தில் அளந்துவிடுங்கள். டி.பி.எச். சாயத்தின் அனைசோட்ரோபி (சாயம் எவ்வளவு தாராளமாகச் சுழல்கிறது என்பதைக் காட்டும் அளவு), அல்லது லார்டான் சாயத்தில் 440 நானோமீட்டருக்கும் 490க்கும் வரும் ஒளியின் ஒப்பீடு. இந்த எண் இல்லாமல் படி 7 நடக்காது. மார்கழியில் எங்கள் அறை 20 டிகிரிக்கு வந்துவிடும். கரண்ட் போய் வாட்டர் பாத் ஆறிப்போன அன்று எடுத்த அளவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வருத்தப்படாதீர்கள். தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஏற்பியின் வேலையை அளப்பது

ஒரே ஒரு லிகண்ட் அளவில் பைண்டிங் பார்த்தால் பயனில்லை. பல அளவுகளில் பார்த்து கே.டி. (பிடிமானத்தின் அளவு), பி.மேக்ஸ் (பிடிக்கும் ஏற்பிகளின் மொத்த எண்ணிக்கை) இரண்டையும் எடுங்கள். கே.டி. மாறினால் பிடிமானம் மாறியது. பி.மேக்ஸ் மட்டும் குறைந்தால் ஏற்பிகள் செல்லுக்குள் போயிருக்கலாம், அல்லது பிடிக்கவே முடியாத நிலைக்குப் போயிருக்கலாம். பிடிப்பது ஒரு வேலை, செய்தி சொல்வது இன்னொரு வேலை. செய்தி உள்ளே போனதா என்று காட்டும் சைக்ளிக் ஏ.எம்.பி. அல்லது ஜி.டி.பி. காமா எஸ் (GTPγS) சோதனை ஒன்றையாவது சேருங்கள்.

படி 7: திருப்பிக் கொடுங்கள், அப்புறம் போலியைக் கொடுங்கள்

கொலஸ்ட்ராலை சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் ஏற்றி, ஒன்றுக்குப் பத்து என்ற மோலார் விகிதத்தில், செல்லுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். கரைப்பானில் கரைத்த கொலஸ்ட்ராலை நைட்ரஜன் ஊதிப் படலமாக உலர்த்தி, சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசல் ஊற்றி, ஒலியலையில் கலக்கி, ராத்திரி முழுக்க ஆட்டிவைத்தால் தெளிந்த நீராகும். கொடுத்தவுடன் பைண்டிங் திரும்பினால், செல் சாகவில்லை என்பது உறுதி. ஆனால் நிலவா கீலா என்பது இன்னும் தெரியாது.

அதற்குத்தான் போலி. கொலஸ்ட்ராலைவிட ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு கூடுதலாக இருப்பது 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால். நம் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி ஆவது இதுதான். ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் என்ற பிறவி நோயில், இது கொலஸ்ட்ராலாக மாறாமல் உடம்பில் தேங்கும். ஹைதராபாத் குழு 2007இல் கொலஸ்ட்ரால் எடுத்த ஹிப்போகாம்பஸ் சவ்வுக்கு இதைக் கொடுத்தது. சவ்வின் இறுக்கம் திரும்பியது, செரோடோனின் 1ஏ ஏற்பியின் பிடிமானம் திரும்பவில்லை. நிலவு சரியாகிவிட்டது, கதவு திறக்கவில்லை. அப்படியானால் இறுக்கம் மட்டும் கதையல்ல.

இன்னும் நுணுக்கமான போலிகள் இரண்டு. எபிகொலஸ்ட்ராலில் ஹைட்ராக்சில் மட்டும் திசை மாறியிருக்கும். எனான்சியோமர் கொலஸ்ட்ரால் முழுக்கக் கண்ணாடிப் பிம்பம். செரோடோனின் 1ஏ ஏற்பியில் கண்ணாடிப் பிம்பம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது, எபி கொடுக்கவில்லை. பூட்டும் சாவியும் போன்ற கறாரான பொருத்தமாக இருந்தால் பிம்பம் பொருந்தியிருக்கக் கூடாது. ஆகவே நிலவும் கீலும் எப்போதும் தனித்தனியாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்டீரால் பாட்டில்களை மைனஸ் 20இல், வெளிச்சம் படாமல், நைட்ரஜன் அடைத்து வையுங்கள். 7-டிஹைட்ரோ காற்றிலும் ஒளியிலும் சீக்கிரம் கெடும். கெட்ட பாட்டிலில் இருப்பது வேறு மூலக்கூறு, அதற்கு வேறு வேலை.

படி 8: கொலஸ்ட்ரால் தனியாள் இல்லை

மின்திருக்கையிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பதித்தால், கொலஸ்ட்ராலோடு பாஸ்பாடிடிக் அமிலம் போன்ற எதிர்மின் லிப்பிடும் இருந்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஜி.எம்.3 என்ற கேங்கிலியோசைடு (சர்க்கரை ஒட்டிய லிப்பிட்), செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப். ஏற்பியை அடக்கிவைக்கிறது. செரோடோனின் ஏற்பிகளின் 2021 வடிவங்களில், ஜி புரதம் ஒட்டும் இடத்தில் பாஸ்பாடிடைல்இனோசிடால் 4-பாஸ்பேட் உட்கார்ந்திருந்தது. கொலஸ்ட்ரால் எல்லா இடத்திலும் உதவிக்காரனும் இல்லை: டி செல் ஏற்பியில் அது ஒட்டிக்கொண்டு ஏற்பியைச் சும்மா இருக்கவைக்கிறது. உங்கள் ஏற்பி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

படி 9: கணினியில் தேடுவோருக்கு

கொலஸ்ட்ரால் ஒட்டுமிடத்தைக் காட்டும் என்று சொல்லப்படும் கிராக் (CRAC) என்று ஒரு அமினோ அமில வாய்பாடு 1998இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. லூசின் அல்லது வேலின், அப்புறம் ஒன்று முதல் ஐந்து எதுவானாலும், டைரோசின், மறுபடியும் ஒன்று முதல் ஐந்து எதுவானாலும், கடைசியில் லைசின் அல்லது ஆர்ஜினின். இவ்வளவு தளர்வான வலையை வீசினால் எந்தக் குளத்திலும் மீன் விழும். சவ்வையே தொடாத புரதங்களிலும் இது கிடைக்கும். இதைக் கண்டதும் “கொலஸ்ட்ரால் ஒட்டுமிடம்” என்று தலைப்பு வைக்காமல், அந்த டைரோசினை மாற்றிப்போட்டுச் சோதனை செய்யுங்கள். புரத வடிவ வங்கியில் கொலஸ்ட்ரால் தெரிந்தாலும், புரதத்தைச் சுத்தம் செய்தபோதே கொலஸ்ட்ரால் போன்ற கொலஸ்டெரில் ஹெமிசக்ஸினேட்டைச் சேர்த்திருக்கிறார்களா என்று செய்முறையைப் படியுங்கள். பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள்.

எழுதும்போது

கையில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் முடிவு மட்டும் இருந்தால் “கொலஸ்ட்ரால் குறைத்த சவ்வில் பிடிமானம் குறைந்தது” என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். திருப்பிக் கொடுத்ததும் மீண்டால் “கொலஸ்ட்ரால் தேவை” என்று சொல்லலாம். போலி இறுக்கத்தை மீட்டும் ஏற்பியை மீட்காவிட்டால்தான் “இறுக்கம் மட்டும் காரணமல்ல” என்று எழுதும் உரிமை வருகிறது.

ஒரு வருஷம் அப்படிப் பேச்சு நின்றுபோன ஒரு பெண், கோபியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அந்த வருஷம் அவளுக்கு நேரம் இருந்தது ஆல்ஃபா சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் மட்டும். இரண்டும் ஒழுங்காக வந்தன. 7-டிஹைட்ரோ ஆர்டர் போட்டது புராஜெக்ட் முடிந்த அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. முடிவுரையில் எழுதியிருந்த “ராஃப்ட்” என்ற சொல்லை அவளே பென்சிலால் அடித்துவிட்டு, “பாட்டிலை ஃபிரீசர்ல வெச்சிருங்க சார், ஜூனியருக்கு ஆகுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.